பாம்பன் பாலத்தில் விழுந்த மஞ்சள் முடிச்சு

ஸ்டெல்லா, தாசா, இந்த வாரம் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வாரா வாரம் படிக்கிற மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

போன மாதம் மண்டபத்திலிருந்து ரயிலில் வந்தோமே, நினைவிருக்கிறதா? பாலம் வந்ததும் பெட்டி முழுவதும் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எதிரே இருந்த அம்மாள் சில்லறையைக் கண்ணில் ஒற்றிக் கடலில் விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் விட்டார்கள். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யா, எல்லாரும் எதுக்குக் காசு போடுறாக? கடலுக்கு எதுக்குக் காசு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாசன், மீன் மிட்டாய் வாங்கித் தின்னும் என்று சொல்லிவிட்டான். பெட்டியே சிரித்தது. பேச்சு அதோடு போய்விட்டது.

என் மனசை விட்டு அது போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள் நான். ரயிலில் வைத்து இரண்டு வார்த்தையில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரலாம்.

டீக்கடைக்குப் போன வேண்டுதல்கள்

உங்கள் அம்மாவைக் கட்டி நாலு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் இருவரும் இல்லை. நான் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். சங்கு குளிக்க விடாத நாட்களில் எங்களுக்கு இன்னொரு தொழில் உண்டு. போன வாரங்களில் அதை எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

காலை வண்டி வரும் நேரத்துக்கு உங்கள் தாய்மாமன் அருளப்பனும் நானும் எங்கள் சின்னப் படகு, அந்த வத்தையை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போய்விடுவோம். தூணில் கயிற்றைச் சுற்றிக் காத்திருப்போம். வண்டி ஊர்ந்து ஊர்ந்து வரும். இரும்பெல்லாம் நடுங்கும். மேலிருந்து காசு விழ ஆரம்பிக்கும். விழுந்த காசு அடி சேர்வதற்குள் பாய்ந்து பிடிக்க வேண்டும். பிடித்ததைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். உப்பும் செம்பும் கலந்த அந்தக் கசப்பு சாயங்காலம் வரை நாக்கில் இருக்கும்.

நயா பைசா வந்த புதிது அது. ஓட்டைக் காலணாவைக் கடைக்காரர்கள் முகம் சுளித்து வாங்கிய நேரம். அதனால் வீட்டில் கிடந்த பழைய காசெல்லாம் கடலுக்கு வந்தது. "சாமிகிட்ட மட்டும்தான் இது செல்லும்போல" என்பான் அருளப்பன்.

யாரோ கண்ணை மூடி விட்ட காசில் நாங்கள் டீ குடித்தோம், பீடி வாங்கினோம். சிரித்துக்கொண்டே குடித்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். மேலே இருப்பவர்களுக்குத்தான் அது வேண்டுதல். கீழே இருந்து பார்க்கிறவனுக்கு அது விழுகிற காசு.

ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீட்டுச் சட்டம். துணியில் முடிந்த காசைத் தொடக்கூடாது. என் தாயார் வைத்த சட்டம் அது. வெறும் காசு ஆசையில் போட்டது, எடுத்துக்கொள்ளலாம். முடிந்து போட்டது மனு. அதைப் பிரிக்க நமக்கு உரிமை கிடையாது.

"மனுன்னா வாயால சொன்னாப் போதாதாம்மா, காசு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கச்சேரியில மனுக் குடுத்தா ஸ்டாம்பு ஒட்டணும்ல. அதுக்குத்தான்" என்றார்.

உங்கள் அம்மாவும் ஒரு முடிச்சைக் கொடுத்து, வத்தையில் போகும்போது விட்டுவிட்டு வரச் சொன்னாள். என்ன கேட்டு முடிந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. நாலு வருடமாகத் தொட்டில் கட்டாத வீட்டில் வேறென்ன கேட்பார்கள்? நான் வாங்கவில்லை. "இங்கன விழுறது எல்லாம் எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும் ரெஜினா. ஒண்ணும் எங்கயும் போய்ச் சேரலை" என்றேன். அவள் முடிச்சைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

விட்டது எது, இருந்தது எது

பங்குனி மாதம். கடல் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்த ஒரு காலை. வண்டி தூக்குப்பாலத்தைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலே வந்தபோது ஒரு கை வெளியே நீண்டது. மஞ்சளாக ஒன்று விழுந்தது. எனக்கு நாலு கை தூரத்தில் சின்னதாக ஒரு சத்தம். முடிச்சு. அருளப்பன் பார்த்தான், நானும் பார்த்தேன். விட்டுவிட்டோம்.

வண்டி போய் ஒரு மணி நேரம் இருக்கும். பாம்பன் ஸ்டேஷனிலிருந்து கீமேன் காதர் அண்ணன் கரைக்கு வந்து கைதட்டிக் கூப்பிட்டார். தண்டவாளத்தின் ஆணியும் ஆப்பும் பார்த்துத் தினம் பாலத்தில் நடக்கிறவர் அவர். பின்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். பரமக்குடி நெசவாளர் முத்துசாமி, அவர் சம்சாரம் பார்வதி. அந்த மனிதர் கையில் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் மகளுக்கு நாலாம் நாள் கல்யாணம். செய்த தாலியை ராமேஸ்வரம் அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கிப் போகக் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆசாரி தாலியை நிறுக்கும்போது மறு தட்டில் ஒரு காசை வைப்பார். தாலிக்கு எடை நின்ற அந்தக் காசு வீட்டுக்குத் திரும்பக்கூடாது. பெண் நன்றாக வாழவேண்டும் என்று சொல்லிக் கடலில் விட்டுவிட வேண்டும். தாலி முக்கால் பவுன். எடை நின்றது பழைய வெள்ளி எட்டணா. இரண்டையும் ஒரே மஞ்சள் துணியைக் கிழித்து, ஒரே மாதிரி குங்குமமும் அரிசியும் வைத்து முடிந்து, ஒரே பைக்குள் போட்டிருக்கிறார் பார்வதியம்மா.

பாலத்தில் எல்லோரும் எழுந்து காசு போடவும், "போடுங்க, போடுங்க, பாலம் முடியப்போவுது" என்று அவரே அவசரப்படுத்தியிருக்கிறார். முத்துசாமி கையை விட்டு எடுத்து வீசிவிட்டார். எடையில் வித்தியாசம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தெரியாமல் இருக்கவேண்டும் என்றுதானே ஆசாரி நிறுத்தார்!

ஸ்டேஷனில் வண்டி நின்றதும் மிச்சம் இருந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறார் அந்த அம்மாள். உள்ளே வட்டமாகக் காசு. அங்கேயே இறங்கிவிட்டார்கள்.

"இன்னொண்ணு செஞ்சுக்கக் கூடாதா?" என்று அருளப்பன் கேட்டான். பார்வதியம்மா காதைக் காட்டினார். இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. தோட்டை அழித்துத்தான் தாலி செய்திருந்தார்கள்.

"தங்கம் போனாக்கூடப் போவட்டும் தம்பி" என்றார் முத்துசாமி. "ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப்போச்சு. தாலி கடல்ல போச்சுன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, எம் பொண்ணு ராசியில்லாதவன்னு எழுதி ஒட்டிருவாக. பெறகு எவன் வருவான்?"

அந்த அம்மாள் அழவில்லை. முந்தானை நுனியை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. விழுந்ததை நான் பார்த்தேன். நாலு கை தூரம். வெறும் காசாக இருந்திருந்தால் அடி சேரவிட்டிருக்க மாட்டேன்.

அன்று மத்தியானமே மூன்று முறை குளித்தேன். விழுந்த இடத்துக்கு நேர் கீழே மணல் சுத்தமாகக் கிடந்தது. கடலுக்கு அடியில் ஓடும் ஓட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். பாலத்துக்கு அடியில் அது ஆற்று வெள்ளம் மாதிரி போகும். காற்று அடைத்த துணி முடிச்சு கல் மாதிரி நேராக இறங்காது. எங்கேயோ இழுத்துப் போயிருக்கிறது. மத்தியானத்துக்குள் நீவாடும் திரும்பிவிட்டது.

கரை ஏறி, இல்லை என்று கையை விரித்தேன். அவர்கள் ஸ்டேஷனிலேயே தங்கினார்கள். உங்கள் அம்மா வரக்காப்பி போட்டுக் கொண்டுபோனாள். பார்வதியம்மா டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாராம். ஆறிப்போனதைத் திரும்ப வாங்கி வந்தாள்.

எல்லா ஊரிலும் போடுகிறார்கள்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஸ்டெல்லா முறைக்காதே, உன் கேள்விக்காகத்தான் நிறுத்துகிறேன்.

நம் கடலில் மட்டும்தான் போடுகிறார்கள் என்று நினைத்துவிடாதே. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் விழுந்த வருடம் நான் அங்கே போயிருந்தேன். மண்வெட்டியும் கையுமாக வந்த சம்சாரிகள் மடியைத் தடவிக் காசெடுத்து நுரையில் போட்டார்கள். சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் முதல் தண்ணீர் பாய்ச்சும்போது வாய்க்காலில் காலணா போட்டதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் புது வத்தை இறக்கும்போது பாய்மரம் நடுகிற குழியில் காசு வைத்து, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கிறோம். அது தண்ணீரில் விழவில்லை, தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் என்று நான் பலரிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார், செம்பு தண்ணீரைச் சுத்தப்படுத்தும், அதற்காகப் பெரியவர்கள் செய்தது என்றார். கடலை எத்தனை காலணாவால் சுத்தப்படுத்துவது என்று கேட்டேன். உட்காரு என்றார். எல்லோரும் போடுவதால் போடுகிறேன் என்று சொன்னவர்கள்தான் அதிகம். என் தாயாரின் ஸ்டாம்புக் கதைதான் எனக்குக் கொஞ்சமாவது ஒத்துவந்தது. அதுவும் மறுநாள் காலை வரைதான்.

கையைத் திறக்க முடியாத மனிதர்

விடியும் முன்பே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. குளிக்கிறவனுக்கு வரக்கூடிய யோசனைதான். தொலைந்ததைத் தேடக்கூடாது. அதே மாதிரி இன்னொன்றைத் தொலைத்து, அதன் பின்னாலேயே போகவேண்டும்.

அதே எடையில் இன்னொரு முடிச்சு அவர்கள் கையிலேயே இருந்தது. ஆசாரி நிறுத்துக் கொடுத்தது. அதே துணி, அதே அரிசி.

இன்னொரு கணக்கும் உண்டு. நேற்றைய நீவாடு இன்று அதே நேரத்துக்கு வராது. இரண்டு நாழிகை பிந்தும். ஆகவே நேற்று வண்டி வந்த நேரத்துக்கு இரண்டு நாழிகை கழித்து, அதே இடத்தில், ரயில் ஜன்னல் உயரத்திலிருந்து முடிச்சு விழவேண்டும். அதற்குள் காலை வண்டி போய்ப் பாலம் காலியாக இருக்கும்.

இதைச் சொன்னதும் காதர் அண்ணன் யோசித்தார். "யாரையும் பாலத்துல ஏத்தக்கூடாது சவேரி" என்றார். பிறகு பார்வதியம்மாளின் காதுக் குச்சியைப் பார்த்தார். "அல்லா பாத்துக்குவான். எம் பின்னாலயே வரட்டும். காலு வைக்கிற எடத்தை மட்டும் பாக்கச் சொல்லு, கடலைப் பாக்க வேண்டாம்."

தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தே வாழ்ந்த மனிதர் முத்துசாமி. பாலத்தில் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே கீழே கடல் தெரியும். காற்று வேட்டியைப் பிடுங்கும். காதர் அண்ணனின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அவர் அடி அடியாக நடந்து வருவதை நான் தண்ணீரில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அருளப்பன் வத்தையைத் தூணோடு பிடித்திருந்தான்.

நேற்றைய இடத்துக்கு மேலே வந்துவிட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். முத்துசாமி முடிச்சை நீட்டினார். விடவில்லை.

"விடுங்க அண்ணாச்சி, நீவாடு மாறிரும்" என்று கத்தினேன்.

"தம்பி, இதுவும் போயிருச்சுன்னா?"

"போவுறதுக்குத்தான் விடுறீக. விடுங்க."

அவர் விரல் திறக்கவில்லை. நேற்று ஜன்னலில் யோசிக்காமல் வீசிய அதே கை. காதர் அண்ணன் அவர் முதுகில் கையை வைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது ஸ்டெல்லா. இத்தனை வருடம் கீழே கிடந்து விழுகிற காசை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். விடுகிற கையைப் பார்த்ததே இல்லை. கையில் வைத்திருக்கும் வரை அந்த ஆசை நம்முடையது. நாமே தூக்கிக்கொண்டு அலைகிறோம். விட்ட பிறகு அதை நாம் பார்த்துக்கொள்ள முடியாது. அப்படி ஒன்றை விட்டுவிடுவதற்கு ஒரு மனிதனுக்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும். காசு அதற்குத்தான். அது பெரிய காசா சின்னக் காசா என்பது பேச்சில்லை.

விரல் திறந்தது.

சுழிக்குள்

மூச்சை இழுத்துக்கொண்டு முடிச்சோடு நானும் இறங்கினேன். கையால் தொடவில்லை, கண்ணால் மட்டும் பிடித்தேன். துணியிலிருந்து சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று போயிற்று. முடிச்சு உருண்டது, சாய்ந்தது, பிறகு நீவாட்டில் ஏறிக்கொண்டது. நானும் ஏறிக்கொண்டேன். ஒரு தூண் போயிற்று. இரண்டாவது தூணுக்குப் பின்னால் அது நின்று, வட்டம் போட்டு, ஒரு பாறை இடுக்குக்குள் இறங்கியது.

பாலத்துக்கு அடியில் எனக்குத் தெரியாத இடம் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த இடுக்கு எனக்குத் தெரியாது. வெறும் காசு நேராக விழும் என்பதால் அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்ததில்லை.

உள்ளே முடிச்சுகள். ஒன்று இரண்டு இல்லை. பாறையின் மடிப்பு முழுவதும் முடிச்சுகள். வெளுத்துப்போனவை, பாசி பிடித்தவை, துணி கரைந்து காசு மட்டும் சுண்ணாம்பு ஏறிப் பாறையோடு ஒட்டிக்கொண்டவை. எத்தனை ரயிலில் எத்தனை பேர் விட்டதோ, எல்லாவற்றையும் நீவாடு ஒன்றுகூடத் தவறாமல் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்திருந்தது. ஒன்றும் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேனே, அந்த வாய்க்குள் அப்போது உப்புத் தண்ணீர் போயிற்று.

நெஞ்சு இடிக்க ஆரம்பித்தது. அத்தனை வெளுப்புக்கு நடுவே மஞ்சளாக இரண்டு கிடந்தன. ஒரு சாண் இடைவெளி. எது நேற்றையது, எது இன்றையது என்று தடுமாறிவிட்டேன். ஒன்றைப் பிடித்து நசுக்கினேன். வட்டம், விளிம்பு. வைத்துவிட்டேன். அடுத்ததை நசுக்கினேன். கூராக ஏதோ விரலில் குத்தியது.

மேலே வந்தபோது அருளப்பன் என் தலைமுடியைப் பிடித்து வத்தைக்குள் இழுத்தான். கையைத் தூக்கிக் காட்டினேன். பாலத்தின் மேலிருந்து காதர் அண்ணன் விசில் ஊதினார், வண்டிக்கு ஊதுகிற மாதிரி நீளமாக. கரையில் நின்ற உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த விசிலைக் கேட்டதும் பார்வதியம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாராம்.

முடிச்சை நான் பிரிக்கவில்லை. அவரிடமே கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, தாலியைக் கண்ணில் ஒற்றினார். பிறகு உங்கள் அம்மாவிடம் திரும்பி, "நேத்துக் குடுத்த காப்பி இருக்கா தாயி?" என்று கேட்டார்.

வெறும் கை

அன்றே ராமேஸ்வரம் போய் அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு, சாயங்கால வண்டியில் ஊர் திரும்பினார்கள். நாங்கள் வத்தையோடு அடியில் நின்றோம். விஷயம் பரவி இன்னும் ஐந்தாறு வத்தைகள் வந்துவிட்டன. வண்டி மேலே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள்.

முத்துசாமி ஜன்னலில் தெரிந்தார். இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, விரல்களை விரித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒன்றும் இல்லை, இந்தத் தடவை எதையும் போடப்போவதில்லை! பார்வதியம்மா அவர் கைகளைப் பிடித்து உள்ளே இழுப்பதும் தெரிந்தது. அத்தனை வத்தையிலும் ஒரே சிரிப்பு. பாலம் முழுக்க அந்தச் சிரிப்பு வண்டியோடு ஓடியது.

கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. ஆடி கழிந்ததும் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் பாம்பனில் இறங்கி, உங்கள் அம்மாவுக்குச் சொந்தத் தறியில் நெய்த சேலை கொண்டுவந்தார்கள். அந்த அரக்குச் சேலைதான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வருமே, அது.

அந்த இடுக்கு எங்கே இருக்கிறது என்று அருளப்பன் எத்தனையோ முறை கேட்டான். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

வண்டி மண்டபம் பக்கம் மறைந்த பிறகு வத்தைகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. அருளப்பனை இறக்கிவிட்டு, வலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் மட்டும் திரும்பப் போனேன். வெயில் தாழ்ந்து தூண்களின் நிழல் நீளமாகக் கிடந்தது. முத்துசாமி நின்ற இடத்துக்கு நேர் கீழே வந்து துடுப்பை வைத்தேன். முந்தின நாள் பிடித்த ஓட்டைக் காலணா ஒன்று மடியில் இருந்தது. தலைத்துண்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்து அதில் வைத்து முடிந்தேன். விரல் ஈரத்தில் முடிச்சு இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை இறுகியது.

ஸ்டெல்லா, அதில் நான் என்ன கேட்டேன் என்று உன் அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை. உன்னைப் பார்த்து அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினேன். நானும் உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு விட்டேன். எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்க்காமல், துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்துப் போட்டேன்.